படிக்காதவை: பூஜ்யம்

“இத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எத?”

“எதுன்னு தெரியாத மாதிரி கேக்காத அக்கா. அங்க ரூம் காலியாகுதுன்னு மூணு தடவ போட்டிருக்காங்க. மூணு தடவ. அவர் போன்ல சொல்லித்தான் எனக்கே—”

“யாரு, அந்த நாற்காலிக்காரரா? அவருக்கு வேற வேல என்ன?”

“பேச்ச மாத்தாத. நீ பாத்தியா, இல்லியா?”

“ஒரு நாளைக்கு நூத்திப்பத்து வருது. எல்லாத்தையும் தலையில ஏத்திக்க நான் என்ன—”

“நூத்திப்பத்துல எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். அந்த ஒண்ணுதான் உன் கண்ணுல படல, இல்ல? சரி, போனது போகட்டும். வெள்ளிக்கிழம சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். இந்தத் தடவ ரெண்டு—”

“ரெண்டு படி ஏறினா உனக்கு மூச்சு வாங்குது. நீ அங்க போயி—”

“என்ன முடிக்க விடு. நான் சொல்ல வர்றது—”

“நீ சொல்ல வர்றது எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் கூட இருந்தவளுக்குக் கையக் காட்டிட்டுப் போற. அதுக்கு எதுக்கு இத்தன பேச்சு?”

“சரி. நான் பேசல. இன்னிக்கு வரும். நீயே படிச்சுக்க.”

“நான் எதுக்குப் படிக்கணும்?”

“நீதான எல்லாத்தையும் படிக்கிறவ.”

இது செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணிக்கு எங்கள் சமையலறையில் நடந்த பேச்சு. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. எனக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை, பேச்சு நின்றுவிடும். யார் எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்பது வரை நிற்கும். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: நான் என் தங்கையைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. குரலை உயர்த்தியதுகூட அவள்தான். நான் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். தடவிய ரொட்டியை அவள் பக்கம்தான் நகர்த்தி வைத்தேன். அவள் சாப்பிடாமல் போனாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

காலையில் எழுந்ததும் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். எனக்கு எழுபத்தோரு வயது. அதில் முப்பத்திரண்டு வருஷம் ஒரு பெரிய நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் செய்தி நறுக்குப் பிரிவில் இருந்தேன். காலை ஆறு மணிக்குப் போனால் பன்னிரண்டு செய்தித்தாள் மேசையில் இருக்கும். எல்லாவற்றையும் படித்து, இயக்குநர் பார்க்க வேண்டியதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, கத்தரித்து, ஒட்டி, ஓரத்தில் தேதி போட்டு, ஒன்பது மணிக்குள் அவர் மேசைக்கு அனுப்ப வேண்டும். அலுவலகத்தில் எனக்குச் சல்லடை என்று பெயர். “சல்லடை அனுப்பியாச்சா?” என்றுதான் இயக்குநர் கேட்பார். வெட்டி அனுப்பியதைப் பற்றிக் கேள்வி வரும். வெட்டாததைப் பற்றி முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதல் ஆள்.

ஓய்வு பெற்ற பிறகு கை சும்மா இருக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நூலகத்தில் முதியவர்களுக்குக் கணினி வகுப்பு நடத்தினார்கள். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளின் படத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொண்டார்கள். நான் செய்தியோடை கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அது தெரியாது என்று சொன்னீர்கள், அதனால் சொல்கிறேன். சில இணையதளங்களின் ஓரத்தில் சின்னதாக ஓர் ஆரஞ்சு நிறக் குறி இருக்கும், ஒரு புள்ளியிலிருந்து இரண்டு வளைவு கிளம்புவது மாதிரி. அந்தத் தளத்தின் ஓடை முகவரியை எடுத்து ஓடை வாசிப்பானில் போட்டுவிட்டால் அது சந்தா. காசு கிடையாது. அப்புறம் நீங்கள் அந்தத் தளத்துக்குப் போக வேண்டியதே இல்லை. அங்கே புதிதாக ஏதாவது வந்தால் அதுவே உங்களிடம் வந்து வரிசையில் நிற்கும். படிக்காதது தடித்த எழுத்தில் இருக்கும். படித்துவிட்டால் போய்விடும். ஓரத்தில் ஓர் எண்: படிக்காதவை இத்தனை. கூப்பாடு கிடையாது, கொசுறு கிடையாது. எனக்கு என் பன்னிரண்டு செய்தித்தாளும் திரும்பக் கிடைத்தது போல இருந்தது. வகுப்பு நடத்திய பெண், “ஒங்கள மாதிரி இத இவ்வளவு ஆசையா யாரும் கத்துக்கிட்டதில்ல” என்றாள்.

முப்பத்தேழு தளங்களுக்குச் சந்தா வைத்திருந்தேன். பாதி எனக்கு, பாதி தங்கைக்கு.

தங்கைக்கு அறுபத்து நான்கு. ஒரு நாடக அரங்கில் உடை தைக்கிறவளாக இருந்தாள். ராணிக்கும் தைத்திருக்கிறாள், கழுதைக்கும் தைத்திருக்கிறாள். கணவர் போன பிறகு, பதினோரு வருஷத்துக்கு முன்னால், நான்தான் வா என்று கூப்பிட்டு என் வீட்டில் வைத்துக்கொண்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது மாடி, இரண்டு அறை, நடுவில் ஒரு மெல்லிய சுவர். அவள் புரண்டு படுத்தால் எனக்குத் தெரியும்.

அவளுக்குக் கண் நடுவில் மங்கல். ஓரத்தில் தெரியும், நடுவில் தெரியாது. எழுத்து எறும்பு மாதிரி ஓடுகிறது என்பாள். அதனால் அவள் போனில் எழுத்தைக் கட்டைவிரல் அளவு பெரிதாக்கி, என்னுடைய கணக்கையே அதிலும் போட்டுக் கொடுத்தேன். ஒரே கணக்கு, இரண்டு திரை. என் கணினியில் ஒன்றைப் படித்ததாகக் குறித்தால் அவள் போனிலும் அது மறைந்துவிடும். படித்தவையும் தெரியும்படி வைக்கலாம், அமைப்பில் ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்தை நான் எடுத்துவிட்டேன். கண் தெரியாதவளுக்கு எதற்கு இரைச்சல்?

ஆக, எங்கள் வீட்டு ஏற்பாடு இது. நான் ஏழு மணிக்கு எல்லாவற்றையும் பார்ப்பேன். அவளுக்கு உரியதைப் படிக்காததாக விட்டுவைப்பேன். மற்றதைக் குறித்துவிடுவேன். எட்டு மணிக்கு அவள் எழுந்து சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்:

“என்ன புதுசு?”

இருந்தால் சொல்வேன். இல்லையென்றால், “ஒண்ணும் வரல” என்பேன். அவள் போனைத் தடவிப் பார்ப்பாள். அதிலும் பெரிய எழுத்தில் ‘படிக்காதவை: பூஜ்யம்’ என்று இருக்கும். இரண்டு சாட்சி ஒத்துப்போனால் யார் சந்தேகப்படுவார்கள்? இது உங்கள் தொழில், உங்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் நான் எடுத்து வைத்தது ஒரு சாவுச் செய்தி. அவளோடு ஒரே மேசையில் இருபது வருஷம் பொத்தான் தைத்தவள் இறந்துபோனதை அரங்கத்தின் தளத்தில் போட்டிருந்தார்கள். அந்த வாரம் தங்கைக்கு இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. இறங்கட்டும், சொல்லலாம் என்று நினைத்தேன். இறங்கியபோது அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. முடிந்ததைச் சொல்லி என்ன பயன்? பிறகு அவள் தைத்த ராணி உடையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். அவளுக்கு இடுப்பு வலி. கண்ணும் தெரியாது. தைத்தபோது பார்க்காததா?

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நான் எதையும் மறைக்கவில்லை. அதெல்லாம் உலகம் முழுக்கத் திறந்து கிடந்த பக்கங்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அவள் போகவில்லை, அவ்வளவுதான். என்னை நம்பினாள் என்பது உண்மை. அதை நான் பெருமையாகத்தான் நினைத்தேன்.

இனி நாற்காலிக்காரர். அதே அரங்கத்தில் மேடைத் தச்சராக இருந்தவர். இப்போது ஓய்வுபெற்றவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குடியிருப்பில் இருக்கிறார், ஏரிக்கரையில், இங்கிருந்து அரை நாள் தூரம். உடைந்த நாற்காலிகளைச் சரி செய்வார். சரி செய்ததைத் தன் தளத்தில் எழுதுவார். தங்கை சொன்னாள் என்று சந்தா வைத்தேன். நாற்காலியைப் பற்றி ஒரு மனிதர் நாற்பத்தோரு பதிவு எழுத முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பசையைக் காய்ச்சுவது எப்படி, காய்ச்சாமல் விட்டால் என்ன ஆகும், கால் ஆடினால் தவறு காலில் இல்லை, தரையில் இருக்கலாம். முதல் பத்தைப் படித்தேன். அப்புறம் தலைப்பைப் பார்ப்பேன், தங்கைக்கு விட்டுவைப்பேன். அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒரு பதிவை அரை நாள் படிப்பாள். நடுநடுவே சிரிப்பாள். பசை காய்ச்சுவதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

அந்தக் குடியிருப்பின் தளத்துக்கும் சந்தா வைக்கச் சொன்னாள். “சும்மாதான்” என்றாள். வைத்தேன். அறை காலியானால் அதில் அறிவிப்பார்கள். மூன்று நாள்தான் தவணை. இரண்டு வருஷத்தில் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் ஒருவர் தங்கும் அறை. மூன்று முறையும் நான் குறித்துவிட்டேன். அவளுக்கு மாத்திரைப் பெட்டியை நிரப்புவது யார், நகம் வெட்டுவது யார், குளியலறையில் தரை ஈரமாக இருக்கிறது என்று சொல்வது யார்? இதையெல்லாம் ஏரி செய்யுமா?

மாத்திரைக்கு வருகிறேன். அதற்காகத்தானே உட்கார்ந்திருக்கிறோம்.

நான்கு வருஷமாக அவளுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. ஒரு மில்லிகிராம் மாத்திரை மூன்று, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு. மாதத்தின் முதல் செவ்வாய் இரத்தப் பரிசோதனை. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு அறை கொண்ட பெட்டியில் நான்தான் நிரப்புவேன். அந்த மாத்திரையைத் தொடங்கிய அன்றே, மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் தளத்துக்கும் நான் சந்தா வைத்தேன். எந்த மருந்தில் குறை கண்டாலும், எந்தத் தொகுதியைத் திரும்பப் பெற்றாலும் அதில் வரும். யாரும் சொல்லி வைக்கவில்லை. ஊரில் எத்தனை அக்காமார் தங்கைக்காக இதைச் செய்வார்கள்? இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதக் கடைசியில் புதுப் புட்டி வாங்கினேன். சண்டை நடந்த செவ்வாய்க்கு ஒன்பது நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதைத் திறந்தேன். அந்த மாதப் பரிசோதனை அதற்கு முன்பே முடிந்திருந்தது. பழைய மாத்திரை பழுப்பு. இது இளஞ்சிவப்பு. அவர்கள் நிறத்தை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்தேன். புட்டியில் ஒரு மில்லிகிராம் என்றுதான் அச்சிட்டிருந்தது. மூன்று மூன்றாகப் போட்டேன். தங்கைக்கு நிறம் சரியாகத் தெரியாது. விரலால் தொட்டு எண்ணித்தான் விழுங்குவாள். ஒண்ணு, ரெண்டு, மூணு.

சனிக்கிழமை அவள் முழங்கைக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது. “எங்க இடிச்சுக்கிட்ட?” என்றேன். “தெரியலியே” என்றாள். ஞாயிறு பல் துலக்கும்போது ஈறில் இரத்தம். திங்கள் படியேறியபோது இரண்டு இடத்தில் நின்றாள். அந்தத் திங்கள்தான் நாற்காலிக்காரர் போனில் பேசினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குப் பாதிதான் கேட்டது. “மூணு தடவையா?” என்று அவள் கேட்டது கேட்டது. “வெள்ளிக்கிழமையா?” என்றது கேட்டது. அப்புறம் நெடுநேரம் தாழ்ந்த குரலில் என்னவோ பேசிச் சிரித்தாள்.

மறுநாள் காலை எட்டரைக்குச் சண்டை. அதைச் சொல்லிவிட்டேன்.

ஒன்பது நாற்பதுக்கு நான் மேசையில் உட்கார்ந்தேன். படிக்காதவை: நாற்பத்து மூன்று. மேலே முதலாவதாக மருந்து அலுவலகத்தின் அறிவிப்பு நின்றது. ஒரு மில்லிகிராம் என்று அச்சிட்ட புட்டியில் தவறுதலாக ஐந்து மில்லிகிராம் மாத்திரை அடைக்கப்பட்டிருக்கிறது, இன்ன தொகுதி எண், வைத்திருப்பவர்கள் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவும், உள்ளே இரத்தக் கசிவு ஏற்படலாம்.

எழுந்து போய்ப் புட்டியை எடுத்து வந்தேன். தொகுதி எண்ணை அலுவலகத்தில் செய்வது போல ஒப்பிட்டேன், ஒரு முறை முன்னாலிருந்து, ஒரு முறை பின்னாலிருந்து. பின்னாலிருந்து படித்தால்தான் கண் ஏமாற்றாது. ஒன்பது இலக்கமும் ஒத்துப்போனது.

இந்த இடத்தில்தான் நீங்கள், “அப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?” என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்கிறேன். முதலில் நிம்மதி. கன்றியதற்கும் மூச்சு வாங்கியதற்கும் காரணம் தெரிந்துவிட்டது, வேறு பெரிய வியாதி இல்லை. பிறகு யோசித்தேன். இப்போது சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போவோம். மாற்று மருந்து கொடுப்பார்கள். இரண்டு நாளில் எழுந்துவிடுவாள். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் இன்னும் மூன்று நாள் இதே மாதிரி சோர்ந்து கிடப்பாள். இரண்டு படிக்கே மூச்சு வாங்குகிறவள் அரை நாள் பயணம் போக மாட்டாள். ஐந்து மணி தாண்டிவிடும். ஐந்து ஐந்துக்குச் சொல்லலாம், வண்டி கூப்பிடலாம். ஒன்பது நாள் தாங்கிய உடம்பு மூன்று நாள் தாங்காதா?

இது கணக்கு. கோபம் இல்லை. கோபத்தில் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது பிழை.

ஆனால் அதே அறிவிப்பு அவள் போனிலும் தடித்த எழுத்தில் நின்றுகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பூதக்கண்ணாடி மேசையில் இடிக்கும் சத்தம் கேட்டது. அதனால் முதலில் அந்த ஒன்றைக் குறித்தேன். குறிப்பதற்கு முன் அதை ஒரு கோப்பில் எடுத்து வைத்தேன். நறுக்கை எடுத்தால் தேதி போட்டுக் கோப்பில் வைக்காமல் எனக்குக் கை வராது. கோப்புக்குப் பெயர் கேட்டது. ‘வெள்ளி மாலை சொல்ல’ என்று கொடுத்தேன். நீங்கள் என் கணினியைத் திறந்த முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தது அதைத்தான். ஒழுங்கில்லாதவளாக இருந்திருந்தால் நான் இன்று வீட்டில் இருந்திருப்பேன்.

மீதி நாற்பத்து இரண்டு. அதில் ஏதோ ஒன்று அந்தக் குடியிருப்பின் அறிவிப்பாக இருக்கும், “இன்னிக்கு வரும், நீயே படிச்சுக்க” என்று அவள் சொன்னது அதைத்தான் என்று எனக்குத் தெரியும். அதைப் படிக்க எனக்கு மனமில்லை. தேடிப் பிடித்துக் குறிக்கவும் மனமில்லை. மேலே ஒரு பொத்தான் உண்டு: ‘அனைத்தையும் படித்ததாகக் குறி’. ஆறு வருஷத்தில் அதை நான் தொட்டதில்லை. படிக்காததைப் படித்ததாகச் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. அன்று தொட்டேன். எண் பூஜ்யம் ஆயிற்று. சத்தமே வராது அதில்.

கொஞ்ச நேரம் கழித்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. சண்டை போட்ட குரல் இல்லை.

“அக்கா, என்ன புதுசு?”

“ஒண்ணும் வரல.”

“ஒண்ணுமா வரல?”

“பூஜ்யம்னு காட்டுதில்ல?”

“காட்டுது. அப்ப நீ படிச்சிட்ட.”

நான் எழுந்து புட்டியைப் பழைய இடத்தில் வைத்தேன்.

“அந்த மாத்திரையையாவது நிறுத்தியிருக்கலாமே” என்றீர்கள். நிறுத்தினால் ஆறு மணிக்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்துக் கேட்பாள். ஒன்று குறைந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும். செவ்வாய் சாயங்காலம் மூன்று, புதன் சாயங்காலம் மூன்று. தண்ணீர் நான்தான் கொடுத்தேன்.

புதன்கிழமை அவள் கட்டிலை விட்டு அதிகம் எழவில்லை. நான் சூப் கொண்டுபோனேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“படிச்சியா, இல்லியா? உண்மையச் சொல்லு.”

“படிச்சேன்.”

“எல்லாத்தையுமா?”

“படிச்சேன்னு சொல்றேன்ல.”

“என்ன சொல்ற?”

“யோசிக்கணும்.”

“யோசி. மூஞ்சிய மட்டும் அப்படி வச்சுக்காத. உனக்குப் புடிக்கும்னு எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழம வரைக்கும் நேரமிருக்கு.”

சிரித்தாள். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவள் ஈறு சிவந்திருந்தது மட்டும் தெரிந்தது. போகிறவளுக்கு இத்தனை சந்தோஷமா என்று நினைத்தபடி கிண்ணத்தைக் கழுவினேன்.

வியாழன் காலை பத்து மணிக்கு, “தல வெடிக்குது அக்கா” என்றாள். வாந்தி எடுத்தாள். பேச்சு கொஞ்சம் குழறியது. வெள்ளி மாலை ஐந்துக்கு இன்னும் முப்பத்தோரு மணி நேரம் இருந்தது. ஒரு தலைவலிக்கு வண்டியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரியில் எல்லாம் வெளியே வந்து, இரண்டு நாள் காத்திருந்தது வீணாகப் போவதா என்று நினைத்தேன். அவளைச் சாய்த்துப் படுக்க வைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டேன். துணியை ஆறு முறை மாற்றினேன். பன்னிரண்டரைக்கு அவள் கண் ஒரு பக்கமாக நின்றது. அப்போது வண்டியைக் கூப்பிட்டேன்.

அங்கே ஓர் இளம் மருத்துவர் அவசரமாகக் கேட்டார். “என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?”

“ஒரு மில்லிகிராம், மூணு.”

“அளவு ஏதும் மாத்தினீங்களா?”

“இல்ல. மூணுதான்.”

இரண்டும் உண்மை. புட்டியில் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அறிவிப்பு வந்ததா என்று அவர் கேட்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவள் போய்விட்டாள். வழக்கமாக மாத்திரை போடும் நேரம்.

மறுநாள் வெள்ளி, ஐந்து மணிக்கு மேசையில் உட்கார்ந்து அந்தக் கோப்பைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு நறுக்கு இருந்தது. சொல்ல ஆள் இல்லை. மூடிவிட்டேன்.

ஆகவே, ஆம். எனக்குத் தெரியும். செவ்வாய் ஒன்பது நாற்பதிலிருந்து தெரியும். தெரிந்தே கொடுத்தேன், ஆறு மாத்திரை. தெரிந்தே இரண்டரை மணி நேரம் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். தெரிந்தே மருத்துவரிடம் சொல்லாமல் இருந்தேன். அவள் சாகட்டும் என்று நான் நினைக்கவில்லை. இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். என்னிடம் இருக்கட்டும். இதற்கு உங்கள் சட்டத்தில் என்ன பெயரோ அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், நான் கையெழுத்திடுகிறேன். விட்டுப் போக இருந்தவள் அவள்தான் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அது இல்லாமல் படித்தால் நான் ஏதோ காரணமே இல்லாமல் செய்தது போல ஆகிவிடும்.

இது என்ன காகிதம்?

என் கணக்கிலிருந்து எடுத்ததா? செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. நாற்காலிக்காரரின் தளம். நாற்பத்து இரண்டாவது பதிவு. சரிதான், இதுவும் அந்த வரிசையில் இருந்திருக்கும். அனைத்தையும் என்று குறித்தபோது இதுவும் போயிருக்கும். இதைப் படிக்க வேண்டுமா? பசை காய்ச்சுவதைப் பற்றித்தான் இருக்கும்.

சத்தமாகவா? சரி. கண்ணாடியைக் கொடுங்கள்.

“இந்த வாரம் இரண்டு நாற்காலி. எங்கள் குடியிருப்பில் முதல் முறையாக இருவர் தங்கும் அறை காலியாகிறது. என்னோடு அரங்கத்தில் உடை தைத்தவரும் அவருடைய அக்காவும் வர வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் ஆசை. ஒருவர் தங்கும் அறை மூன்று முறை காலியானது, மூன்று முறையும் தவறவிட்டாரே என்று வருத்தத்தோடு சொன்னேன். தெரிந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன், அக்காவை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி வருவது என்றார். அக்காவிடம் இதை நேரில் சொன்னால் முடிக்க விடமாட்டாராம், பாதியிலேயே சண்டை வந்துவிடுமாம். எதையும் விடாமல் படிக்கிறவராம் அவர். அதனால் நீங்கள் எழுதிவிடுங்கள், அவர் கண்ணில் படாமல் போகாது என்றார். எழுதிவிட்டேன். அக்கா, வணக்கம். ஒரு நாற்காலி தாழ்வானது, உங்கள் தங்கைக்கு. இன்னொன்றுக்கு முதுகை நிமிர்த்தி, கை வைக்கும் பலகையை அகலமாக்கியிருக்கிறேன், நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்து படிக்கிறவருக்குத் தோள் வலிக்கக் கூடாது. அந்த அறையின் ஜன்னல் ஓரம் உங்களுக்கு என்று உங்கள் தங்கை இப்போதே சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இரண்டு கையெழுத்து வேண்டும்.”

இத ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?